கப்பல் இங்கே, விமானம் எங்கே?

கல்முனைக் கடற்கரையில் நின்று வடக்குப் பக்கமாகப் பார்த்தால் கரைவலைத் தோணிகளுக்கு அப்பால் தெரிவது வெறுங்கடல்தான். அந்தத் திசையில், மட்டக்களப்புக்கு வெளியே, ஏறத்தாழ ஐம்பது மீற்றர் ஆழத்தில் பிரித்தானியக் கடற்படையின் 'ஹெர்மிஸ்' கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, வியாழக்கிழமை காலை, ஜப்பானிய விமானங்கள் அதைச் சில நிமிடங்களில் மூழ்கடித்தன. கப்பலில் இருந்தவர்களில் 307 பேர் இறந்தனர்.

அது விமானந்தாங்கிக் கப்பல் என்று சொன்னதும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அப்படியென்றால் அதன் விமானங்கள் ஏன் எழும்பிச் சண்டை பிடிக்கவில்லை?" நல்ல கேள்வி. விமானங்களும் கப்பலோடு தாண்டு போயின என்பார் ஒருவர். விமானிகள் பயந்து விட்டார்கள் என்பார் மற்றவர். இரண்டும் பிழை. சரியான பதிலுக்கு, கடற்படை விமான அணி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் ஊர்ப்பெயர் பற்றி ஒரு சொல். 1942இல் அம்பாறை மாவட்டம் என்று ஒன்று இருக்கவில்லை. 1961இல்தான் அது மட்டக்களப்பின் தென்பகுதியிலிருந்து பிரிந்தது. அதுவரை மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாமே மட்டக்களப்பு மாவட்டம். ஆகவே அக்காலப் பதிவுகளில் 'மட்டக்களப்புக் கரை' என்று வருமிடத்தில் நம்முடைய கரையும் அடங்கும்.

இனி அணிக்கு வருவோம். கப்பல் வேறு, விமான அணி வேறு. விமானிகள், விமானங்கள், அவற்றைப் பராமரிக்கும் தொழில்நுட்பர்கள் ஆகியோரைக் கொண்ட, தனி இலக்கம் உடைய படைப்பிரிவே அணி. அது இன்று ஒரு கப்பலில் ஏறும், நாளை இறங்கித் தரைத்தளத்தில் நிற்கும், பிறகு வேறு கப்பலுக்கு மாறும். 1933இல் சிறு பிரிவுகளை இணைத்து இந்த அணிகளை அமைத்தபோது இலக்கத்திலேயே வேலையையும் குறித்தார்கள். 800இலிருந்து வருபவை சண்டை விமான அணிகள். 810இலிருந்து வருபவை கப்பல்களைத் தாக்கும் டார்பிடோ விமான அணிகள். அப்போது அவை விமானப் படையின் நிர்வாகத்தில் இருந்தன. 1939 மே மாதத்தில்தான் முழுமையாகக் கடற்படையின் கைக்கு வந்தன.

இந்த இலக்க முறையை வைத்துப் பார்த்தால் ஹெர்மிஸின் கதை பாதி விளங்கிவிடும். அதற்குரிய அணி 814, அதாவது டார்பிடோ அணி. அதன் விமானம் 'சுவோட்ஃபிஷ்': இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடல், மெதுவான ஓட்டம். அந்த வியாழக்கிழமை 814ஆம் அணி கப்பலில் இருக்கவில்லை. திருகோணமலை சீனன்குடாத் தளத்தில் இறக்கப்பட்டிருந்தது. தாக்குதல் வருகிறது என்ற செய்தி கிடைத்ததும், துறைமுகத்தில் அகப்படக் கூடாதென்று ஹெர்மிஸ் இரவோடு இரவாகத் தெற்கே அனுப்பப்பட்டது. விமானங்களை ஏற்ற அவகாசம் இருக்கவில்லை.

ஏற்றியிருந்தால் தப்பியிருக்குமா? தப்பியிருக்காது. நான்கு நாட்களுக்கு முன், ஜப்பானியர் கொழும்பைத் தாக்கிய உயிர்த்த ஞாயிறன்று, சீனன்குடாவிலிருந்து கொழும்புப் பக்கம் போன 788ஆம் அணியின் ஆறு சுவோட்ஃபிஷ்களும் ஜப்பானின் 'ஸீரோ' சண்டை விமானங்களிடம் அகப்பட்டு விழுந்தன. மாட்டுவண்டியைக் கொண்டு மோட்டார் வண்டியைத் துரத்த முடியாது.

அப்படியென்றால் கடற்படையின் சண்டை விமான அணிகள் எங்கே இருந்தன? தீவின் மறு கரையில். 803, 806 என்ற இரண்டு கடற்படை அணிகள் கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் நின்றன. இவற்றில் 803இன் வரலாற்றைக் கொஞ்சம் நின்று பார்ப்பது பயன் தரும். அவர்கள் கத்துக்குட்டிகள் அல்லர் என்பது அதில் தெரியும்.

1933இல் தொடங்கிய 803, போர் மூண்டபோது 'ஆர்க் றோயல்' கப்பலில் இருந்தது. 1939 செப்டம்பர் 26ஆம் திகதி வடகடலில் ஒரு ஜெர்மன் கடல் விமானத்தை வீழ்த்தியது. அந்தப் போரில் பிரித்தானிய விமானம் ஒன்று பெற்ற முதல் உறுதியான வெற்றிகளில் அது எண்ணப்படுகிறது. 1940 ஏப்ரல் 10ஆம் திகதி, 800ஆம் அணியோடு சேர்ந்து ஓர்க்னித் தீவிலிருந்து பறந்து, நோர்வேயின் பேர்கன் துறைமுகத்தில் ஜெர்மன் போர்க்கப்பல் 'கொனிக்ஸ்பேர்க்'ஐ மூழ்கடித்தது. போன 'ஸ்குவா' விமானங்கள் 16. வானிலிருந்து பாய்ந்து போடும் குண்டால் ஒரு பெரிய போர்க்கப்பல் தாண்டது அதுவே முதல் தடவை. இரண்டு மாதம் கழித்து அதே அணிகளிலிருந்து 'ஷார்ன்ஹோர்ஸ்ட்' என்ற கப்பலைத் தாக்கப் போன 15 விமானங்களில் எட்டு திரும்பவில்லை. அதன்பின் மத்தியதரைக் கடல், எகிப்துப் பாலைவனம் என்று சுற்றி, 1942இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தது.

வரும்போது அவர்களிடம் இருந்தது 'ஃபுல்மர்'. எட்டு இயந்திரத் துப்பாக்கிகளும் விமானப் படையின் 'ஹரிக்கேன்' சண்டை விமானத்தில் உள்ள அதே மெர்லின் வகை இயந்திரமும் இருந்தும், அது பாரமான விமானம். காரணம், அதில் இரண்டு பேர் இருந்தார்கள். தரைக்கு மேல் பறப்பவனுக்கு ஆறும் வீதியும் மலையும் வழி காட்டும். கடலில் அடையாளம் ஏது? திரும்பி வர வேண்டிய கப்பலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. எனவே திசை கணிக்கவும் வானொலி கேட்கவும் இன்னோர் ஆள் தேவை என்று கடற்படை கருதியது. அந்த இரண்டாவது ஆசனத்தின் விலை வேகம். ஃபுல்மர் மணிக்கு 440 கிலோமீற்றரை எட்டவே மூச்சு வாங்கும். ஸீரோ 530ஐயும் தாண்டும். உயிர்த்த ஞாயிறன்று இரத்மலானையிலிருந்து எழும்பிய ஆறு ஃபுல்மர்களில் நான்கு விழுந்தன.

இப்போது வியாழக்கிழமைக்குத் திரும்புவோம். காலை ஏழு மணி கடந்து திருகோணமலை குண்டுவீச்சுக்கு உள்ளானது. சீனன்குடாவில் நின்ற விமானப் படையின் ஹரிக்கேன்கள் அங்கேயே சண்டையிட்டு, எட்டை இழந்தன. தகவல் தொடர்பும் சீர்குலைந்தது. இதற்கிடையில் ஜப்பானியரின் வேவு விமானம் ஹெர்மிஸைக் கண்டுவிட்டது. கப்பல் பாதுகாப்புத் தேடி வடக்கே திரும்பி, சண்டை விமானங்களைக் கேட்டு வானொலியில் அழைத்தது. பத்தரை மணிக்குப் பின் எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. பதினொரு மணி ஆகுமுன் கப்பல் இல்லை. துணைக்குச் சென்ற அவுஸ்திரேலியாவின் 'வம்பயர்', சிறு போர்க்கப்பல் 'ஹொலிஹொக்', இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் ஆகியவையும் அன்று மூழ்கின. அருகே வந்த மருத்துவக் கப்பல் 'விற்றா' சுமார் அறுநூறு பேரைத் தூக்கியெடுத்தது.

இரத்மலானையிலிருந்து மட்டக்களப்பு நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். மலைநாட்டைக் கடந்து வர ஃபுல்மருக்கு அரை மணிக்கு மேல் வேண்டும். 803, 806 அணிகளின் விமானங்கள் உண்மையில் வந்தன. வந்து சேர்ந்தபோது ஹெர்மிஸ் தாண்டிருந்தது. எஞ்சியிருந்த ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களோடு மோதினார்கள். இரு தரப்பிலும் விமானங்கள் விழுந்தன. பயந்து நின்றார்கள் என்ற பேச்சுக்கு இதுவே பதில்.

803 அதன்பின் 1943இல் கிழக்கு ஆபிரிக்காவில் கலைக்கப்பட்டது. இலக்கம் சாகவில்லை. 1945இல் சீஃபயர் விமானங்களோடு மீண்டும் பிறந்து கனடியக் கடற்படைக்குப் போனது. பிரித்தானியக் கடற்படையிலும் 1951இல் ஜெட் விமானங்களோடு திரும்பி வந்தது. 1958இல் சிமிட்டர் விமானத்தை முதலில் பாவித்த முன்னணி அணியும் அதுவே. 1969இன் இறுதியில் ஓய்ந்தது.

ஆக, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விடை இதுதான்: கப்பலில் விமானம் இருக்கவில்லை, இருந்திருந்தாலும் அவை சண்டை விமானங்கள் அல்ல, சண்டை விமானங்கள் தீவில் இருந்தன, ஆனால் அழைப்புக்கும் வருகைக்கும் இடையில் இருந்த நேரம் கப்பலின் ஆயுளைவிட நீண்டது.

இதை வெறும் பழைய போர்க்கதை என்று இந்தக் கரை தள்ளிவிட முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவில் பூமி அதிர்ந்ததை உலகின் கருவிகள் சில நிமிடங்களில் பதிந்துவிட்டன. சுனாமி அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரமும் கல்முனைக்கு யாரும் சொல்லவில்லை. இன்று கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது, கோபுரம் இருக்கிறதா என்பதோடு கேள்வியை நிறுத்திக்கொள்ளக் கூடாது. செய்தி கிடைத்து எத்தனை நிமிடத்தில் அது ஒலிக்கும் என்றும் கேட்க வேண்டும். 1942இல் விமானங்கள் இருந்தன. வந்தும் சேர்ந்தன.