வேனில் இடமில்லாத பிள்ளை

 

பெருநாள் தொழுகையும் விருந்தும் உறவினர் சந்திப்பும் ஓய்ந்த மறுநாள், நாம் குடும்பம் குடும்பமாகப் புறப்படும் இடங்களுள் முதன்மையானது பூங்கா. வேன் பிடிக்கிறோம். பாய், தண்ணீர்க் குடுவை, முந்திய நாள் பலகாரம் அனைத்தும் ஏறுகின்றன. ஏறியவர்களை எண்ணிப் பார்த்தால் சில வீடுகளில் ஒருவர் குறைகிறார். "அவன் நன்னியோடு இருக்கட்டும், வந்தால் அவனுக்கும் சிரமம், நமக்கும் சிரமம்" என்ற ஒரு சொல்லோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. புதுச்சட்டை அணிந்த அந்த ஒன்பது வயதுப் பிள்ளை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேன் தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு எனப் பல பெயர்களால் அழைக்கப்படும் நிலைகளோடு பிறந்த பிள்ளைகள் நம் தெருக்களில் பலர் உள்ளனர். ஆனால் நம் பூங்காக்களில் அவர்களைக் காண்பது அரிது. இதற்குப் பெற்றோரின் அன்புக் குறைவைக் காரணம் சொல்வது அநீதி. அவர்களை வீட்டுக்குள் முடக்கியது நம் பார்வையே என்பதுதான் நம் குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டை நம்மீதே சுமத்துகிறோம்.

பூங்காவில் நடப்பதை நேர்மையாக நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கியின் இரைச்சல் தாங்காமல் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறுகிறான். உம்மா அவன் அருகில் அமர்ந்து அவனைத் தேற்ற முயல்கிறார். சுற்றிலும் ஒரு வட்டம் கூடிவிடுகிறது. ஒருவர் கைப்பேசியில் படம் பிடிக்கிறார். ஒரு மூதாட்டி, "ஓதிப் பார்த்தீர்களா, ஏதாவது ஜின் சேஷ்டையாக இருக்கும்" என்கிறார். இன்னொருவர், "செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்" என்று காதில் விழும்படியே சொல்கிறார். அந்த வட்டத்தில் நின்றவர்களுள் நம்மவரும் உண்டு. தொப்பியும் உண்டு, புர்காவும் உண்டு. அடுத்த பெருநாளுக்கு அந்த உம்மா வேனில் ஏறவில்லை என்றால் அதில் என்ன வியப்பு?

நம் மார்க்கம் இதற்குப் பதில் சொல்லாமல் விடவில்லை. பாதையோரம் அமர்வதைத் தவிர்க்க இயலாது என்று தோழர்கள் கூறியபோது, அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துவதும், பிறருக்குத் துன்பம் தராதிருப்பதும், ஸலாமுக்குப் பதிலுரைப்பதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதும் அந்த உரிமைகள் என புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். பார்வையைத் தாழ்த்துவது என்றவுடன் அந்நியப் பெண்ணை மட்டுமே நினைக்கப் பழகிவிட்டோம். அதற்கு அடுத்துவரும் துன்பம் தராமையை மறந்துவிட்டோம். தவிக்கும் ஒரு பிள்ளையை வேடிக்கை பார்ப்பது துன்பம் இல்லையென்றால் வேறு எது துன்பம்?

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு செய்தி முஸ்லிமில் உள்ளது. அறிவில் சிறிது மாற்றம் இருந்த ஒரு பெண்மணி நபியவர்களிடம் வந்து, தமக்கு ஒரு தேவை உண்டு என்றார். எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அதை அவரே தெரிவு செய்யுமாறு கூறி, அவருடைய தேவை தீரும் வரை நபியவர்கள் அவரோடு நின்றார்கள். மதீனாவின் தலைவர், எவரும் பொருட்படுத்தாத ஒரு பெண்ணுக்காகப் பொது வழியில் நின்றார்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று எவரிடமும் சொல்லவில்லை.

பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்தபோது முகம் சுளித்ததற்காக, அல்லாஹ் தன் தூதருக்கே அறிவுறுத்தல் அருளியது எண்பதாவது அத்தியாயத்தின் தொடக்கம். அந்தச் சுளிப்பை அத்தோழரால் காணவும் இயலாது. ஆயினும் வஹீ இறங்கியது. பூங்காவில் நாம் சுளிக்கும் முகத்தையோ அந்த உம்மா கண்ணெதிரே காண்கிறார்.

"அவனுக்குப் பூங்காவில் என்ன புரியும்?" என்று கேட்பவர் உண்டு. புரிவது ஒருபுறம் இருக்கட்டும். உணர்வதற்கு அங்கே எவ்வளவோ உண்டு. ஊஞ்சலின் சீரான அசைவு பல ஆட்டிசப் பிள்ளைகளை அமைதிப்படுத்துகிறது. வெறுங்காலில் படும் புல், கையில் உதிரும் மண், இலைகளுக்கிடையே அசையும் ஒளி ஆகியவை மருத்துவமனையின் நான்கு சுவருக்குள் கிடைப்பவை அல்ல. இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அலெப்போவில் 1354இல் எழுந்த அர்கூன் மருத்துவமனையில் மனநோயாளிகளின் அறைகள் நீரூற்று முற்றங்களைச் சுற்றி அமைக்கப்பட்டன. எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் நிறைவேற்றிய மருத்துவமனையில் நீரோசையும் மலர்மணமும் சிகிச்சையில் இடம்பெற்றன. நம் பிள்ளைகள் நோயாளிகள் அல்லர். ஆயினும் கலங்கிய உள்ளத்துக்குத் தோட்டம் தேவை என்ற அறிவு நமக்குப் புதிதன்று. பெங்களூரின் லால்பாக்கை 1760இல் ஹைதர் அலி தொடங்கினார் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பெருமை நம்முடையது, அத்தகைய தோட்டத்தின் நிழல் மட்டும் நம் வீட்டுப் பிள்ளைக்கு இல்லையா?

"வெளியே தெரிந்தால் மூத்தவளின் திருமணப் பேச்சு தடைபடும்" என்ற அச்சமும் உண்டு. இந்த அச்சம் வெறும் கற்பனை அன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தம்பியை மறைத்துப் பெற்ற சம்பந்தம் எத்தனை நாள் நிலைக்கும்? அல்லாஹ் அமானிதமாகத் தந்த ஒரு பிள்ளையைக் கறையென்று கருதும் வீட்டுக்கு நம் மகளை அனுப்புவதில் என்ன நலம் உண்டு?

ஆட்சியாளர்களையும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகை நிலைகளை ஏற்றுள்ளது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் அவற்றுள் அடங்கும். பொழுதுபோக்கிலும் அவர்களுக்குச் சம பங்கு உண்டு என்கிறது அச்சட்டம். ஏற்கெனவே உள்ள பொது இடங்களை ஐந்தாண்டுக்குள் அவர்கள் பயன்படுத்தத்தக்கதாக மாற்றவேண்டும் என்ற கெடு 2022இல் முடிந்தது. இன்றும் பல பூங்காக்களில் சக்கர நாற்காலி நுழையாத சுழல்வாயில், பதினான்கு வயதுப் பிள்ளையை ஏற்காத ஊஞ்சல், பூட்டிக் கிடக்கும் கழிப்பறை. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பிறர் காணும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்பதும் அதே சட்டத்தின் 92ஆவது பிரிவு. செய்ய இயலாதது எதையும் நாம் கேட்கவில்லை. பெங்களூரில் இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றுகூடி, நம்மவர் மிகுதியாக வாழும் ஃப்ரேசர் டவுனை ஒட்டிய கோல்ஸ் பூங்காவில், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் இடத்தை மாநகராட்சியின் துணையோடு உருவாக்கினர்.

பெற்றோருக்கு ஒரு சொல். பெருநாள் கூட்டத்தில் தொடங்காதீர்கள். வார நாளின் காலையில், வாயில் திறந்ததும் செல்லுங்கள்; முதல் முறை கால் மணி நேரம் போதும். வாயில், நடைபாதை, ஊஞ்சல், திரும்பும் வண்டி ஆகியவற்றின் படங்களை முந்திய நாளே வரிசையாகக் காட்டுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் பிள்ளையின் பதற்றம் குறையும். இரைச்சலைத் தடுக்கும் ஹெட்போனும் பழகிய ஒரு பொருளும் கையில் இருக்கட்டும். இப்பிள்ளைகளுள் பலருக்குத் தண்ணீரின்மீது ஈர்ப்பு மிகுதி. குளமுள்ள பூங்காவில் ஒருவர் கண் அவனைவிட்டு அகலலாகாது. தொலைபேசி எண் எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். தொழுகை நேரம் வந்தால் வாப்பாவும் உம்மாவும் முறைவைத்துத் தொழுங்கள்.

மற்ற நமக்கும் ஒரு சொல். அலறும் பிள்ளையைக் கண்டால் கூட்டம் சேராதீர்கள், படம் பிடிக்காதீர்கள், கேட்கப்படாத அறிவுரை தராதீர்கள். "உதவி வேண்டுமா?" என்று ஒருமுறை மெல்லக் கேளுங்கள், வேண்டாம் என்றால் விலகி வழிவிடுங்கள். ஊஞ்சலில் அவன் முறையை உங்கள் பிள்ளை விட்டுக்கொடுக்கட்டும். ஏன் என்று கேட்டால் அங்கேயே சொல்லிக்கொடுங்கள். மத்ரஸாவில் ஓராண்டு கற்பதை அந்த ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்வான்.

ஜமாஅத் நிர்வாகிகளே! சுற்றுலாவுக்கு வேன் ஏற்பாடு செய்யும் நீங்கள், மஹல்லாவில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கை வைத்திருக்கிறீர்களா? "ஸப்ர் செய்யுங்கள்" என்று அவர்களின் பெற்றோருக்கு அறிவுரை சொல்வது எளிது. ஒரு காலைப்பொழுதில் நான்கு இளைஞர்களை அவர்களோடு பூங்காவுக்கு அனுப்பிவைப்பதே அந்த ஸப்ரில் நாம் ஏற்கும் பங்கு.

பருவமடையாத பிள்ளையின் செயலை எழுதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது நபிமொழி. பூங்காவில் அலறிய அந்தப் பிள்ளையின்மீது எதுவும் எழுதப்படவில்லை. சுற்றி நின்ற நம்மீது என்ன எழுதப்பட்டது என்பதை மறுமையில் காண்போம்.

எந்தப் பிள்ளையையும் சன்னலோரம் விட்டுச் செல்லாத உள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.