தணிவும் தீர்வும்

நள்ளிரவில் கை மரத்துப்போய் விழித்தெழுந்து, அதை உதறியபடி இருளில் அமர்ந்திருந்த அனுபவம் இதைப் படிப்போரில் சிலருக்கேனும் இருக்கும். கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்திய ஒரு கோடையில் நமக்கும் அது வாய்த்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் பிறர் கையிலிருந்து இரவல் வாங்கியவை போலிருந்தன; சுண்டுவிரல் மட்டும் தப்பியிருந்தது. மருத்துவர் 'கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்' என்று பெயர் சொன்னார். மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்றார்.

மணிக்கட்டின் உட்புறத்தில், எலும்புகளுக்கும் குறுக்கே ஓடும் ஒரு தசைநாருக்கும் இடையே குறுகிய வழியொன்று உள்ளது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு நடுநரம்பும் அதனூடேதான் சென்றாக வேண்டும். அங்கே அழுத்தம் கூடும்போது நசுங்குவது நரம்பு. ஸ்டீராய்டு வீக்கத்தைத் தணிக்கிறது, வழியை அகலமாக்குவதில்லை. அகலமாக்குவது அந்தத் தசைநாரை வெட்டிவிடும் அறுவைசிகிச்சை.

நம் சமூகத்தில் ஊசியைப் பற்றி இரு துருவ எண்ணங்கள் உண்டு. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்பது ஒன்று. ஸ்டீராய்டு என்ற சொல் காதில் விழுந்ததுமே அஞ்சி எழுந்து வந்துவிடுவது மற்றொன்று. இரண்டுமே பிழை என்பது நம் கருத்து.

சுவீடனில் 111 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வில், ஊசி பெற்றோர் பத்தாம் வாரத்தில் தெளிவாக நலம் கண்டிருந்தனர். ஓராண்டு முடிவிலோ, மருந்தற்ற ஊசி பெற்றோருக்கும் அவர்களுக்கும் தொல்லையின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. அதற்குள் 80 மில்லிகிராம் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 73 பேரும், மருந்து பெறாதோரில் 92 பேரும் அறுவைசிகிச்சைக்குச் சென்றிருந்தனர். 2018இல் 'லான்செட்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வும் ஏறத்தாழ இதையே சொல்கிறது: ஆறாம் வாரத்தில், இரவில் அணியும் மணிக்கட்டுப் பட்டையைவிட ஊசி மேல்; ஆறாம் மாதத்தில் இரண்டும் சமம்.

ஆக, ஊசி பொய்யன்று. அது ஒரு தவணை. சிலருக்கு அத்தவணையே போதுமானதாகிவிடுகிறது. கருவுற்ற காலத்தில் வரும் உபாதை பெரும்பாலும் மகப்பேற்றுக்குப் பின் தானே தணிவதால், அதுவரை தாங்கிக்கொள்ள ஒரு துணை வேண்டியிருக்கலாம். நீரிழிவு உள்ளோர்க்கு ஊசிக்குப்பின் சில நாட்கள் சர்க்கரை ஏறக்கூடும் என்பதையும் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

நாம் செய்த பிழை வேறு. ஊசி போட்ட இரண்டாம் வாரம் இரவுகள் மீண்டன. 'நோய் போயிற்று' என்று பட்டையைக் கழற்றி அலமாரியில் போட்டோம், மறுபரிசோதனைக்கும் போகவில்லை. சில மாதங்களில் மரப்பு திரும்பி வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டோம். ஒருநாள் காலை சட்டைப் பொத்தானைப் போட இயலாமல் நின்றபோதுதான், பெருவிரலின் அடிச்சதை வற்றியிருப்பதைக் கண்ணுற்றோம். வலியைத் தணிக்கும் மருந்து நரம்பின் நிலையையும் சரிசெய்துவிட்டதாக நாமே கற்பித்துக்கொண்டதன் விலை அது. அறுவைசிகிச்சைக்குப் பின் இரவுகள் அமைதியாயின. பிடியின் பழைய வலிமை முழுதும் மீளவில்லை.

தணிவு வேறு, தீர்வு வேறு. ஊசி போட்டுக்கொள்ளுங்கள், தவறில்லை. அது தரும் மாதங்களில் கையைக் கவனித்துக்கொண்டே இருங்கள். விரல்கள் எந்நேரமும் மரத்திருந்தாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ, அடுத்த ஊசியைக் கேட்கும் முன் நரம்பின் நிலையைக் கேளுங்கள். இக்கட்டுரையை நாம் இடக்கையால் தட்டச்சு செய்து முடித்திருக்கிறோம்.