வாயிற்படியில் கேட்டுப் பெறுதல்

விருந்து சமைக்கப் புகுவோன் அரிசியும் பருப்பும் விறகும் உளவோ என முன்னரே ஆராய்ந்து, பின்னர் அடுப்பை மூட்டுதல் அறிவுடைமை. பந்தி அமர்ந்தபின் உப்பில்லை என்றறிதல் இழுக்கு. ஜாவா மொழியில் புரோகிராம் எழுதும் நம் மாணவருள் பலர் இவ்வெளிய உண்மையை மறந்துவிடுகின்றனர் என்பது எமது கருத்து.

ஒரு கிளாஸ் தன் தொழிலைச் செய்யப் பிற ஆப்ஜெக்டுகளின் துணையை வேண்டி நிற்கும். அத்துணையைத் தானே படைத்துக்கொள்ளாது புறத்தேயிருந்து பெறும் முறைக்கு, மார்ட்டின் பௌலர் 2004-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையால் 'டிபென்டன்சி இஞ்செக்ஷன்' என்னும் பெயர் நிலைபெற்றது. அவ்வாண்டிலேயே 1.0 பதிப்பாக வெளிவந்த ஸ்பிரிங் என்னும் சட்டகம் இம்முறையை எங்கும் பரப்பிற்று.

ஸ்பிரிங்கில் துணை பெறும் வழி மூன்று: கன்ஸ்ட்ரக்டர், செட்டர், பீல்டு. பீல்டின்மேல் 'ஆட்டோவயர்டு' என்னும் குறியொன்றை இட்டாற் போதும். எழுத்து மிச்சமாகலின் மாணவர் இதனையே விரும்புவர். ஆயின் அக்கிளாஸுக்கு எவை வேண்டும் என்பது வெளியே புலனாகாது. சோதனையின்பொருட்டுச் சட்டகத்தின் உதவியின்றி 'நியூ' என்று படைப்போமாயின், குறையோடே ஆப்ஜெக்ட் பிறக்கும். பணி செய்யுங்கால் 'நல்' எனப்படும் வெறுமையில் இடறி விழும். கன்ஸ்ட்ரக்டரோ வேண்டியவற்றை வாயிற்படியிலேயே கேட்கின்றது; கொடாதவிடத்துக் கம்பைலரே மறுத்துவிடும். பெற்றவற்றைப் 'பைனல்' எனக் குறித்து, மாறாது காக்கவும் இயலும். இன்றியமையாத் துணைகளுக்கு ஸ்பிரிங்கின் ஆவணமும் இவ்வழியையே பரிந்துரைக்கின்றது. 2016-இல் வந்த 4.3-ஆம் பதிப்பு முதல், கன்ஸ்ட்ரக்டர் ஒன்றே உள்ளவிடத்து அக்குறியும் வேண்டுவதில்லை.

நிற்க. பத்துத் துணை வேண்டின் கன்ஸ்ட்ரக்டர் நீண்டு விகாரமாகுமே என்பார் உளர். உண்மையே. ஆனால் அது கன்ஸ்ட்ரக்டரின் குற்றமன்று; ஒரு கிளாஸின் தலைமேல் பல தொழிலைச் சுமத்திய நம் குற்றம். நோயைக் காட்டும் நாடியைக் குறை கூறல் தகுமோ? அவ்வாறே இரு கிளாஸ்கள் தத்தம் கன்ஸ்ட்ரக்டரில் ஒன்றையொன்று வேண்டி நிற்பின், புரோகிராம் தொடக்கத்திலேயே நின்றுவிடும். பீல்டு வழியோ அவ்வளையத்தை மறைத்து வந்தது. 2021-இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.6 அத்தகைய வளையத்தையும், நாமே இசைவு தந்தாலன்றி, ஏற்க மறுத்தது.

இருப்பினும் இன்றேனும் பணி நடக்கும் துணைகளுக்குச் செட்டர் வழி பொருந்தும்; அதனை யாம் மறுக்கவில்லை.

ஆகவே மாணவ நண்பர்காள்! நீவிர் எழுதுவதை நாளை வேறொருவர் படித்துத் திருத்துவர். சில வரி மிச்சம் பிடிக்கக் கருதி, அவரை இருளில் விடுதல் முறையன்று. வேண்டுவதை வெளிப்படக் கேளுங்கள். குறையுண்டேல் அது தொடக்கத்திலேயே தோன்றட்டும்.