பௌர்ணமியில் காவலூர் போகாதீர்!

தினக் காலண்டரில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பெட்டி கட்டுவது நம்ம ஊர் வழக்கம். மூணு நாள் லீவு சேர்ந்து வந்தால் கேட்கவே வேண்டாம். பஸ்சில் நிற்கக்கூட இடம் கிடைக்காது!

ஊட்டி, கொடைக்கானல் செலவு கட்டாதவர்கள் ஜவ்வாது மலைக்குக் கிளம்புகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சிவப்பு எழுத்தை மட்டும் நம்பிப் போனால் காசும் போச்சு, லீவும் போச்சு!

ஒரே கல்லில் இரண்டு மாங்காய்?

"பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் கிரிவலம், மறுநாள் போளூர் வழியா மலை ஏறி காவலூரில் நட்சத்திரம்" என்று கணக்குப் போடுகிறார்கள். இதில் ஒரு மாங்காய்கூட விழாது!

காவலூரில் இருப்பது வைணு பாப்பு வானாய்வகம். 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986-ல் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். 1977-ல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. அப்பேர்ப்பட்ட இடத்துக்கு முழு நிலவில் போனால் நிலாவைத்தான் பார்க்கலாம். அதை மொட்டை மாடியிலேயே பார்க்கலாமே!

கார்த்திகை தீபம், தைப்பூசம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி எல்லாம் நிலா வெளிச்சத் திருவிழாக்கள். தீபத்தன்று திருவண்ணாமலைப் பக்கம் லட்சக்கணக்கில் கூட்டம். அன்று மலைக்குத்தான் போகணும் என்பவர்கள் வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஏறுவது புத்திசாலித்தனம்.

சிவராத்திரிதான் சரி!

தீபாவளி இருட்டில்தான் வருகிறது. ஆனால் ஐப்பசி அடைமழை! வானமே தெரியாது. மகா சிவராத்திரி அமாவாசைக்கு முந்தின ராத்திரி. மாசி மாதம், மழையும் ஓய்ந்திருக்கும். பொதுமக்களுக்கு அனுமதி வழக்கமாகச் சனிக்கிழமைதான். சிவராத்திரியை ஒட்டிய சனிக்கிழமை போதும். முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் கேட்டிலிருந்து திரும்புவது பாவம்.

பீமன் அருவியில் குளிக்கணும் என்றால் கதை வேறு. மாசியில் போய் "தண்ணி இல்லையே" என்று புலம்பக் கூடாது. அதற்கு மழைக்காலம்தான். இரண்டும் ஒரே லீவில் கிடைக்காது. வீட்டில் பேசி ஒன்றை முடிவு பண்ணிக்கொள்ள வேண்டியதுதான்!

ஜமுனாமரத்தூரில் அரசு கோடை விழா நடத்துகிறது. அதன் தேதியை அடுத்த வருஷக் காலண்டர் அச்சாகும்போதே சொல்லிவிட்டால் என்ன? கடைக்காரரும் குமாஸ்தாவும் லீவுக்குத் திட்டம் போடலாம். சாமை, தேன், புளி விற்கும் மலை மக்களும் சரக்கைச் சேர்த்து வைப்பார்கள். ஒரே நாளில் கூட்டம் மொத்தமும் வந்து இறங்கினால் அவர்களுக்கு மிஞ்சுவது குப்பையும் உடைந்த பாட்டிலும்தான்.

இன்னொன்று. காவலூர் பக்கம் ராத்திரியில் காரின் ஹெட்லைட்டை முழுசாகப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அங்கே இருட்டுதான் மூலதனம்!