கைதட்டலுக்கு மட்டும் குறைவில்லை

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2024 மார்ச்சில் நடைபெற்ற 'பிக் டென்' பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் மகளிர் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு நுழைவுச்சீட்டுகள் முற்றாக விற்றுத் தீர்ந்தன. அதன் வரலாற்றில் அதுவே முதல் தடவை. இறுதியாட்டத்தில் அயோவா, மேலதிக நேரத்தில் நெப்ராஸ்காவை 94-89 என வென்றது. கெய்ட்லின் கிளார்க் என்ற ஒருவரைக் காணவே கூட்டம் திரண்டது என்றனர். இருக்கட்டுமே! ஆண்களின் ஆட்டத்துக்கும் நட்சத்திரங்களைத் தேடித்தானே போகிறார்கள்?

கூட்டமைப்புச் சுற்றுப்போட்டியில் வெல்லும் அணி தேசியச் சுற்றுப்போட்டியில் நேரடியாக இடம்பெறும். அங்கு ஆண்கள் அணி ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கைக்கேற்ப அதன் கூட்டமைப்புக்குப் பணம் வழங்கும் முறை 1991 முதல் உண்டு. மகளிர் அணிகளுக்கோ கைதட்டல் மட்டுமே. பார்ப்போர் இல்லை, ஆகவே வருமானம் இல்லை என்பது நீண்டகாலம் சொல்லப்பட்ட நியாயம். 2024 தேசிய இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோர் தொகை மகளிருக்கு 18 மில்லியனுக்கு மேல். ஆண்களுக்கு 15 மில்லியனுக்கும் குறைவு. 2025 ஜனவரியில் விதி மாறியது. முதலாண்டு ஒதுக்கீடு 15 மில்லியன் டொலர்.

வருமானம் இல்லாமற் போனது யாரால்? மகளிர் போட்டியின் ஒளிபரப்பு உரிமையைத் தனியே விலைபேசாமல், ஏனைய விளையாட்டுகளோடு ஒரே பொதியாக விற்றவர்கள் அதே நிர்வாகிகள்தான். அதன் பெறுமதி குறைத்து மதிக்கப்பட்டதை 2021இல் வெளியான சுயாதீன அறிக்கை சுட்டிக்காட்டியது. ஆயினும் 2024இல் அறிவிக்கப்பட்ட எட்டாண்டு ஒப்பந்தத்திலும் மகளிர் கூடைப்பந்தாட்டம் அந்தப் பொதிக்குள்தான் இருக்கிறது.