வயலுக்கு இருந்தது, ஆலைக்கு இல்லை

"அந்தக் காலத்து டிவி போல வருமா?" என்ற அலுப்பு ஐம்பதைத் தாண்டியவர்கள் வீட்டில் தினமும் கேட்கிறது. அதில் பாதி, ஞாபகம் செய்யும் வேலை. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியில் தெருவே கூடிப் பார்த்த வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' சினிமாப் பாட்டுதானே? 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அறிவிப்பையும், புரியாத இந்தி நிகழ்ச்சிகளுக்கு எதிரே வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருந்ததையும் யாரும் சொல்லக் காணோம்.

எடுப்பவர்களின் திறமையும் மங்கிவிடவில்லை. 2003இல் 'கோலங்கள்' தொடரைத் தொடங்கிய திருச்செல்வம்தான் 2022இல் 'எதிர்நீச்சல்' எடுத்தார். பின்னது சோடை போகவில்லை. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' வழியாகக் கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் சினிமாவுக்கு வந்தார்கள். இழுவை சீரியல் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

சரிவு வேறிடத்தில் இருக்கிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் நின்றால் அது தெரியும். வரிசையாகக் கம்பெனி பஸ்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு ஜன்னலோரம் சாய்ந்திருக்கும் பெண்கள், கையில் செல்போன். டிவியும் ஃபிரிட்ஜும் செய்யும் சாம்சங் ஆலை இந்த ஊரில்தான் இருக்கிறது. பக்கத்து வல்லம் வடகாலில், ஆலைகளில் வேலை செய்யும் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரத்து மக்கள்தொகை அது. இவர்களின் நாளும் பொழுதும் எந்த சேனலில் வருகிறது? அதற்கு முன்பு, 2021 டிசம்பரில் வேறொரு விடுதியின் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் பெண்கள் நெடுஞ்சாலையை மறித்தபோது கேமரா வந்தது. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும் வந்தது. பிரச்சினை ஓய்ந்ததும் கேமராவும் கிளம்பிவிட்டது.

இந்த ஆலைகள் வருவதற்கு முன்பு இங்கே நெல் விளைந்தது. அன்று விவசாயிக்கென்று தூர்தர்ஷனில் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சி இருந்தது. நகரத்துப் பிள்ளைகள் அதைக் கேலி செய்தார்கள். ஆனாலும் பூச்சிமருந்தும் விதையும் உரமும் பற்றி, அவருக்குப் புரியும் பேச்சில், அவரை நோக்கி ஒருவர் பேசினார். நிலம் ஆலையாகி, அவருடைய பேத்தி அங்கே வேலைக்குப் போகிறாள். அவளுக்கென்று மனதில் நின்ற நிகழ்ச்சி ஒன்றையாவது சொல்ல முடியுமா?

தனியார் சேனல்களுக்கு விளம்பரக் கணக்கு இருக்கிறது, அவர்களிடம் கெஞ்சிப் பயனில்லை. தூர்தர்ஷனுக்கு அந்தச் சாக்கு கிடையாது. உழைக்கும் மக்களின் உரிமையைக் காப்பதும் அவர்கள் நலனை வளர்ப்பதும் அதன் கடமை என்று 1990ஆம் ஆண்டு பிரசார் பாரதி சட்டத்தின் 12ஆவது பிரிவே சொல்கிறது. அதன் தமிழ் சேனலான பொதிகைக்கு டிடி தமிழ் என்று 2024 ஜனவரியில் பெயர் மாற்றியவர்கள் இதையும் செய்யலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஓவர்டைம் கணக்கு, விடுதி வாழ்க்கை, இயந்திரப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பேசும் அரைமணி நேர நிகழ்ச்சியைத் தினமும் ஒளிபரப்ப வேண்டும். இரவு ஷிப்ட்காரர்களுக்காகக் காலையில் மறுஒளிபரப்பும், செல்போனில் பார்க்க யூடியூப் பதிவும் வேண்டும்.