டை கட்டினாலும் ஊழியரில்லை

கல்முனையில் உள்ள பெரிய காப்புறுதிக் கம்பனிகளின் கிளைகளில் முகாமையாளருக்கும் காசாளருக்கும் மாதச் சம்பளம் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்களுக்காகக் கம்பனி 12 சதவீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் கட்டுகிறது. ஆனால் அந்தக் கிளைக்குச் சோறு போடுகிறவர், மருதமுனைக்கும் நிந்தவூருக்கும் மோட்டார் சைக்கிளில் ஓடித் திரியும் முகவர். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிச் சட்டம் அவரைக் கொமிஷனுக்காக வியாபாரம் தேடிக் கொடுப்பவராகவே பார்க்கிறது. எனவே அந்த 15 சதவீதமும் அவருக்கில்லை. காலைக் கூட்டத்துக்கு வர வேண்டும், டை கட்ட வேண்டும், மாத இலக்கை முடிக்க வேண்டும். கட்டுப்பாடெல்லாம் ஊழியருக்குரியவை, பாதுகாப்பு மட்டும் இல்லை. இதை முகவரின் சொந்தக் குறையாக ஒதுக்கிவிட முடியாது. நம் வீட்டு அலுமாரிகளில் இடையில் நின்றுபோன பொலிசிகள் கிடப்பதற்கும் இதுவே முதற்காரணம்.

ஆயுள் காப்புறுதியில் கொமிஷனின் பெரும்பங்கு முதலாண்டுக் கட்டணத்திலிருந்தே வருகிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அது மெலிந்துவிடும். ஆகவே பழைய பொலிசியைக் காப்பாற்றுவதைவிடப் புதிதாக ஒன்றை எழுதுவதுதான் முகவரின் அடுப்பை எரிக்கும். புதிய முகவர் முதலில் யாரிடம் போவார்? மச்சானிடம், மாமியிடம், கூடப் படித்தவனிடம். தேவை பார்த்து வாங்குகிறவர்கள் அல்லர் இவர்கள். முகத்துக்காகக் கையெழுத்துப் போடுகிறவர்கள். போதாக்குறைக்குக் கம்பனிகளின் கணக்காண்டு டிசம்பர் 31இல் முடிகிறது, இலக்கு நெருக்குவதும் அப்போதுதான். அம்பாறைக் கரையில் அந்த மாதம் எப்படிப்பட்டது? பெரும்போக விதைப்பும் உரமும் கைக்காசை விழுங்கியிருக்கும், அறுவடைக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் கிடக்கும். வாடைக் கடலில் தோணி இறங்காத நாட்களும் அதிகம். அந்த நேரத்தில் முகவருக்காகக் கட்டிய முதல் தவணையை அடுத்தடுத்த மாதங்களில் தொடர்வது பலருக்கு ஏலாது. பொதுவாக மூன்று ஆண்டுக்கு முன் நிறுத்தினால் கையில் எதுவும் திரும்பாது. கட்டியவருக்கு நட்டம், முகவருக்கோ உறவும் போச்சு, ஊரில் பெயரும் போச்சு.

மார்க்கக் காரணத்தால்தான் நம் மக்கள் காப்புறுதியை விட்டு விலகுகிறார்கள் என்பது வழக்கமான பதில். வட்டியும் நிச்சயமின்மையும் பற்றிய தயக்கம் உண்மையானது. ஆனால் 1985இலேயே ஜித்தாவில் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை வணிகக் காப்புறுதியை மறுத்து, கூட்டுறவு முறையை அனுமதித்தது. தகாபுல் எனப்படும் அந்த முறையில் இலங்கையில் அமானா தகாபுல் நிறுவனம் இயங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டாகிறது. ஒப்பந்தம் ஆகுமானதா என்ற கேள்விக்குத் தகாபுலில் விடை உண்டு. ஆனால் அதை விற்பவரையும் முதலாண்டுக் கொமிஷனை நம்பியே வாழ வைத்தால், அவரும் அதே மாமி வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

கம்பனிகள் சொல்வது வேறு: முகவர் சுதந்திரமானவர், உழைப்புக்கு உச்சவரம்பில்லை, முகாமையாளரைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பவரும் உண்டு என்கின்றன. உண்டுதான். மேடையில் விருது வாங்கும் அந்த ஒருசிலரின் படத்தைக் காட்டித்தான் வேலை தேடும் இளைஞர்களை ஆண்டுதோறும் சேர்க்கிறார்கள். அவர்களில் சொந்தபந்தம் தீர்ந்ததும் விலகுகிறவர்களுக்குப் படமில்லை. முகவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தால் செலவு தாங்காது என்ற வாதத்துக்கு இந்தியாவின் ஆயுள் காப்புறுதி நிறுவனமான எல்ஐசி பதில் சொல்லும். அங்கே பதின்மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட முகவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் கொமிஷன்காரர்களே. இருந்தும் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு, 2023 செப்டெம்பரில் அதன் வரம்பு 3 லட்சம் இந்திய ரூபாயிலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது; அவர்களுக்கான ஆயுள் காப்புறுதித் தொகையும் கூடியது. மறுவருடம் அதே நிறுவனம் முதலாண்டுக் கொமிஷனைக் குறைத்து, புதுப்பிப்புக் கொமிஷனைக் கூட்டியது. அது அரச நிறுவனம், பெரியது என்பார்கள். கொமிஷனை ஆண்டுகளுக்குப் பரப்பிக் கொடுக்கப் பெரிய முதல் தேவையில்லை. ஆனால் புதிய முகவருக்கு முதல் இரண்டு ஆண்டு ஒரு நிலையான படி கொடுக்காமல் அதைச் செய்தால் அவர் பட்டினிதான். வயல்காரர் இரு போக அறுவடைக்குப் பின் தவணை கட்டும் ஏற்பாட்டையும் பரவலாக்கலாம். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, ஒவ்வொரு கம்பனியிலும் எழுதிய பொலிசிகளில் எத்தனை மூன்றாம் ஆண்டைத் தாண்டின என்பதை மாவட்டவாரியாக வெளியிடச் சொல்லட்டும். கல்முனை முகவர் எந்தக் கம்பனியில் சேர்வது, கல்முனை வாடிக்கையாளர் எதில் கையெழுத்திடுவது என்று முடிவெடுக்க அந்த ஒரு பக்கமே போதும்.